முற்றத்துப் புற்றரையில் வெறுந்திட்டுக்கள்

வீட்டு முற்றத்தில் அறுகம்புல் நெருங்கிப் படர்ந்திருக்குமாயின் மாரி மழையில் மண் கரையாது. கோடையிற் புழுதி எழாது. கன்றுக்கும் ஒருவாய் புல் கிடைக்கும். ஆயினும் பல முற்றங்களில் இப்புற்றரை திட்டுத்திட்டாய் அழிந்து, மண் வெளித்தெரியக் காணப்படுகின்றது. அழிந்த காரணத்தை அறியாது அவ்விடத்தில் மீண்டும் புல் நடுவது வீண் வேலையாகும்.

நல்ல மழை பெய்த மறுநாள் ஓர் இரும்புக் கம்பியை அத்திட்டில் ஊன்றிப் பாருங்கள். இரண்டு அங்குலத்திற்குள் அது தடைப்படுமாயின், ஆட்களும் மாடுகளும் உழவு இயந்திரமும் நடமாடி மண்ணை இறுக்கியிருத்தல் கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சில இடங்களில் சுண்ணாம்புக்கல்லே அவ்வளவு மேலாக இருப்பதுண்டு. அங்கு வேறு மண் இட்டு உயர்த்தினாலன்றிப் புல் நிலைக்காது. காய்ந்த புல்லைப் பற்றி இழுக்கையில் அது பாய்போல் உரிந்து வருமாயின் வேரை வெண்புழு தின்றுள்ளதா எனப் பாருங்கள். மண்ணைக் கிளறிவிட்டாற் போதும். எஞ்சிய வேலையைக் கோழிகள் உங்களிலும் நன்றாகச் செய்யும். மாமரத்தின் அடர்ந்த நிழலில் அறுகு செழிக்காது. கிளைகளைக் கழிக்க மனமில்லையெனில் அவ்விடத்தை விட்டுவிடுங்கள்.

இறுகிய திட்டை ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஆறு அங்குல ஆழத்திற்குக் கொத்தி, நன்கு உக்கிய மாட்டெருவை ஓர் அங்குலத் தடிப்பிற் பரப்பிக் கலவுங்கள். உக்காத எருவை இட்டால் அதிலுள்ள களைவித்துக்களே முந்தி முளைக்கும். பின்னர் அறுகங்கொடியை மூன்று அல்லது நான்கு கணுக்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, அரை அடி இடைவெளியில், இரு கணுக்கள் மண்ணுள்ளும் நுனி வெளியிலும் இருக்குமாறு நட்டு, காலால் மிதித்து அமுக்குங்கள். மழையில்லாத நாட்களில் இரண்டு கிழமைக்குத் தவறாது நீர் தெளித்தல் வேண்டும். நிலம் மூடும்வரை கன்றை அதிற் கட்டலாகாது. புல் மூன்று அங்குலம் வளர்ந்ததும் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள்; அடியோடு மழித்தலே பல புற்றரைகளைக் கெடுக்கின்றது.

பயிர் பிடித்தபின் வெளிறித் தோன்றினால், 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியாவை உலர்ந்த மணலுடன் கலந்து, இலை காய்ந்திருக்கையில் வீசி, உடனே நீர் விடுங்கள். ஈர இலையில் விழுந்தால் அது கருக்கிவிடும்.

நடுவதற்கு வேண்டிய கொடியை விலைக்கு வாங்கவேண்டியதில்லை. வெங்காயத் தோட்டத்தில் நீங்கள் சலித்துக்கொண்டு கொத்தியெறியும் அறுகே போதும். ஆனால், வேரிலுள்ள மண்ணை நன்றாக உதறி, கோரைக் கிழங்கு ஒன்றேனும் ஒட்டியிராதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். கோரை முற்றத்திற் புகுந்தபின் அதனை அகற்றுதல் மிகக் கடினம். அவ்வாறே முற்றத்து அறுகும் தோட்டத்திற்குத் திரும்பிச் செல்லவே பார்க்கும். அதன் கொடி நிலத்தின் மேலும் கீழும் ஓடுவதால், புற்றரைக்கும் பாத்திகளுக்கும் இடையே ஓரடி அகலத்தை வெறுமையாக விட்டு, கிழமைக்கொருமுறை மண்வெட்டியாற் கொத்திவாருங்கள். வெட்டிய கொடிகளை வெயிலில் நன்கு காயவைத்த பின்னரே எருக்குழியில் இடுதல் வேண்டும்.