அந்த நாள் உங்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இருக்கிறதா?

1991 மே 21 இரவு. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்துபோனார். அந்தச் செய்தி காதில் விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? 'மொட்டை மாடியில படுத்திருந்தோம்', 'பால் வாங்கப் போன இடத்தில சொன்னாங்க' என்று நேற்று நடந்ததுபோல் சொல்வீர்கள், இல்லையா?

ஒரு வீட்டில் இப்படித்தான் பேச்சு வந்தது. எழுபத்தைந்து வயது அம்மா, "உங்கப்பாதான் என்னை எழுப்பிச் சொன்னார்" என்றார். மகன் விடவில்லை. "அப்பா அந்த வாரம் பம்பாய்லல்ல இருந்தார்!" அம்மாவின் முகம் வாடிவிட்டது. கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகனுக்கோ வேறு கவலை: 'அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பமோ?'

கொஞ்ச நேரத்தில் மகன் தன் கதைக்கு வந்தார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்கூல்ல மணி அடிச்சு எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"மே மாசத்துல ஏதுடா ஸ்கூல்?" என்றார் அம்மா.

மகன் நினைவில் இருந்தது 1984 அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்ட புதன்கிழமை. இரண்டு துக்க நாட்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன!

ஏன் இப்படி?

அதிர்ச்சி தாக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது. மூளையில் உணர்ச்சியைக் கவனிக்கும் 'அமிக்டலா' உஷாராகி, நினைவைப் பதிக்கும் 'ஹிப்போகேம்பஸை' முடுக்குகிறது. அதனால் அந்த நாள் அழுத்தமாகப் பதிகிறது. ஆனால் நினைவு என்பது போட்டோ அல்ல. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. பிறகு டி.வி.யில் பார்த்ததும், அடுத்தவர் சொன்னதும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே கல்லூரி மாணவர்களிடம், 'செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?' என்று எழுதி வாங்கினார் உளவியல் நிபுணர் உல்ரிக் நைஸர். சுமார் இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார். முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர்தான்! 11 பேர் சொன்னது அத்தனையும் தப்பு. அவர்கள் எல்லாம் இளைஞர்கள்!

எப்போது டாக்டரிடம் போகணும்?

பழைய சம்பவத்தில் ஆளும் இடமும் மாறிப்போவது மட்டுமே நோய் ஆகாது. ஆனால் காலையில் நடந்ததை மறந்து கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, சில்லறைக் கணக்கில் குழம்புவது... இவை தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.

2004 சுனாமி போன்ற துயரத்தை நேரில் அனுபவித்தவர்கள் கதை வேறு. அந்தக் காட்சி ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கத்தைக் கெடுத்தால், பயமுறுத்தினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

மற்றபடி, பெரியவர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது தேதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். "அப்புறம் அப்பா என்ன சொன்னார்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா தேடிக்கொண்டிருப்பது செய்தியை அல்ல, தன்னை எழுப்பிச் சொன்ன மனிதரை!