பென்ஷன் உள்ள சார், பென்ஷன் இல்லாத டீச்சர்



போன மாதம் வகுப்பில், "யாருக்கெல்லாம் டீச்சராகணும்னு ஆசை?" என்று டீச்சர் கேட்டார். நானும் இன்னொரு பெண்ணும் மட்டும்தான் கை தூக்கினோம். வீட்டில் சொன்னேன். அப்பா பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டே, "உங்க அக்காவைப் பாத்துமா உனக்கு இந்த ஆசை?" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று பலரிடம் கேட்டு எழுதியதுதான் இக்கட்டுரை.

முதலில் பென்ஷன். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் வேலையில் சேர்ந்த அரசு ஆசிரியர்களுக்குப் பழைய பென்ஷன் உண்டு. முழு சர்வீஸ் முடித்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் வரும். அவர் காலமான பிறகு குடும்பத்துக்கும் பென்ஷன் வரும்.

அந்தத் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் பிடிப்பார்கள். அரசும் 5,000 போடும். அந்தத் திட்டத்தில் ஓய்வு பெறும்போது வட்டியோடு மொத்தமாகக் கிடைத்தது. மாதாமாதம் பென்ஷன் இருக்கவில்லை. 2002-ல் சேர்ந்தவரும் 2004-ல் சேர்ந்தவரும் ஒரே பாடம்தான் நடத்துகிறார்கள். ஆனால் வயதான காலம் மட்டும் வேறு வேறாக இருந்தது!

பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2026 ஜனவரியில் அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் பென்ஷன், ஆசிரியர் பங்கு 10 சதவீதம் என்பது அந்த அறிவிப்பு.

இதற்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிந்த ஒரு சார் பழைய பென்ஷன்காரர். "எனக்குக் கடைசிவரை கவலை இல்லம்மா, மலையிலேயே இருந்துட்டேன்" என்றார். பின்னால் சேர்ந்த ஒரு டீச்சர், "பென்ஷன் இல்லைனு பயந்து கீழே வீடு கட்டினேன். அங்கே லோன், இங்கே வாடகை. அதான் மாறுதல் கேட்கிறேன்" என்றார். மலைப்படி கொடுத்தாலும் குளிரும் பஸ் வசதியும் வேறு இருக்கிறது. மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை பக்கம் வருகிறவர்கள் கலந்தாய்வில் கீழே இடம் தேடுவது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதியில் டீச்சர் மாறினால் கஷ்டப்படுவது நாம்தான்.

அடுத்து வேலை. என் அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணிவிட்டாள். ஆனால் 2018-ல் வந்த அரசாணைப்படி அது மட்டும் போதாது. நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுதணும். ஓய்வு பெறும் வயதும் 58-லிருந்து 2020-ல் 59, 2021-ல் 60 என்று உயர்ந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு அது நல்லது. வெளியே காத்திருப்பவர்களுக்கு இடம் காலியாக இன்னும் இரண்டு வருடம் ஆனது. அக்கா இப்போது கொடைக்கானலில் ஒரு கடையில் பில் போடுகிறாள். ராத்திரி படிக்கிறாள்.

எல்லாம் கேட்ட பிறகும் என் கை கீழே இறங்கவில்லை. கீழே இருந்து வருகிறவருக்கு மலை ஒரு பணியிடம். எனக்கும் அக்காவுக்கும் அது சொந்த ஊர். நாங்கள் டீச்சரானால் மாறுதல் கேட்க மாட்டோம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி