கௌதாரி வாழும் காணி

தென்னிலங்கையிலிருந்து பறவை பார்க்க யாழ்ப்பாணம் வருகிறவர்கள் முதலில் தேடுவது பூநாரையை. அடுத்ததாக அவர்கள் தேடுகிற நான்கு பறவைகளை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. கௌதாரி ஒன்று. மாட்டின் முதுகிலும் மின்கம்பியிலும் இருந்து பூச்சி பிடிக்கும் இரட்டைவால் குருவி மற்றொன்று. பிறகு நீண்ட வால் கீச்சான், கழுத்தில் கறுப்புக் கோடுள்ள கள்ளிப்புறா. இலங்கையில் இந்த நான்கும் புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை நீளும் வறண்ட கரையோரத்தைச் சார்ந்தே வாழ்கின்றன. கண்டியில் இருப்பவர் தன் வாழ்நாளில் ஒரு கௌதாரியின் கூவலைக் கேளாமலே இருந்துவிடலாம். புத்தூரிலோ மிருசுவிலிலோ இருப்பவருக்கு அது விடியற்காலைச் சத்தம்.

இந்த நான்கில் ஒன்றுகூடக் காட்டுப்பறவை அல்ல. கௌதாரி வேலியடிப் பற்றைக்குள் முட்டையிட்டு, அறுவடை முடிந்த வயலில் குஞ்சுகளை மேய்க்கிறது. கீச்சான் முள்மரத்தில் இருந்துகொண்டு தரிசில் வெட்டுக்கிளி தேடுகிறது. கள்ளிப்புறா சிந்திய தானியத்தையும் புல்விதையையும் நம்பியிருக்கிறது. குடாநாட்டில் காடு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. இங்குள்ள உயிர்களில் பெரும்பங்கு தோட்டம், வயல், பனங்கூடல், தரவை, குளம் ஆகியவற்றை அண்டியே வாழ்கிறது. ஆகவே அவை நிலைப்பதும் அழிவதும் கமக்காரர் தம் காணியில் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

வயல் வெறும் நெல் விளையும் இடமல்ல என்பதற்கு இலங்கையிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடையில் நீர்ப்பாசன வயலொன்றைத் தொடர்ந்து ஆராய்ந்த சன்ன பம்பரதெனிய, முதுகெலும்பற்ற உயிரினங்களில் 494 வகைகளையும் முதுகெலும்புள்ளவற்றில் 103 வகைகளையும் பதிவுசெய்தார். பெரும்பாலானவை பயிருக்குத் தீங்கு செய்யாதவை. நெல்வயல்களும் ஈரநிலங்களே என்பதை ராம்சார் சாசன நாடுகள் 2008 இல் தனித் தீர்மானமாகவே ஏற்றுக்கொண்டன. யாழ்ப்பாணத்து வயல் மாரியை மட்டும் நம்பியது. ஐப்பசி முதல் தை வரை சில மாதங்களே ஈரமாக இருப்பது. ஆனால் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வந்திறங்குவதும் அதே மாதங்களில்தான்.

இந்த வாழிடத்தை முதலில் குலைத்தது எது என்று கேட்டால், வேலி தன் தொழிலை இழந்ததைச் சொல்வேன். பூவரசு, கிளுவை, முள்முருக்கு நட்ட உயிர்வேலி எல்லைக்காக மட்டும் நின்றதல்ல. அதன் குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினால் அடுத்த போகத்துக்கு உரம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுவே தீன். அரசாங்கம் 1962 முதல் உரத்துக்கு மானியம் கொடுத்துவந்தது. உரப்பை மலிவாகக் கிடைத்தபின் குழை தாழ்ப்பது வீண் கூலியாகத் தெரிந்தது. வெட்டப்படாத வேலி பற்றையாக வளர்ந்து இடைஞ்சலாயிற்று. போர் முடிந்தபின் வெளிநாட்டுப் பணத்தில் மதில்கள் எழுந்தன. மதிலடியில் கௌதாரி முட்டையிடாது. இதில் எவரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காணிக்காரர் ஒவ்வொருவரும் தமக்கு எது இலாபமோ அதைச் செய்தார்கள். ஆனால் பொதுப்பணம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே நிலமும் சாய்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விவசாயத்துக்கு அரசு பணம் கொடுப்பது எங்களுக்குப் புதியதல்ல. அந்தப் பணம் இதுவரை வேலிக்காகவோ குளக்கரைக்காகவோ கொடுக்கப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் வடக்குக்கு வந்தது எல்லைக்கல்தான். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. போருக்குப் பின் 2015 ஜூனில் அது தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் மடு வீதியும் அப்போதே தேசிய பூங்காக்களாயின. அவற்றில் பாதுகாக்க வேண்டிய உயிர்கள் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த மக்கள், பற்றை வளர்ந்து கிடந்த தங்கள் வயலையும் மேய்ச்சல் தரவையையும் திணைக்கள வரைபடத்தில் ஒதுக்ககமாகக் கண்டார்கள். வன்னியெங்கும் இதே முறைப்பாடு இருக்கிறது. கையில் உறுதி வைத்திருப்பவர் தன் காணிக்குள் போக அனுமதி கேட்க நேரும்போது, பறவை மீது அவருக்கு இருந்த நேசமும் சேர்ந்து கசந்துபோகிறது. வடக்கு மக்களுக்கு இயற்கையில் அக்கறையில்லை என்று இதற்குப் பொருள் சொல்வது பெரிய அநியாயம். அவர்கள் எதிர்த்தது காணி பறிபோவதை.

காணியை உரியவர் கையிலேயே விட்டுவிட்டு, அதில் உயிர்களுக்கு இடம் வைப்பதற்குப் பொதுமக்கள் பணம் கொடுக்கும் வழி உலகில் நாற்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் 1996 ஜூனில் இதை மக்களிடமே வாக்குக்கு விட்டார்கள். விவசாயிக்குக் கொடுக்கும் நேரடிக் கொடுப்பனவைச் சூழல் நிபந்தனைகளோடு பிணைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 77 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆம் என்றார்கள். நிலத்தில் குறைந்தது 7 சதவீதத்தைப் பூம்புல்வெளியாகவோ வேலியாகவோ விடுபவருக்கே அந்தப் பணம். அமெரிக்காவில் 1985 இல் தொடங்கிய திட்டம், உழவை நிறுத்திப் புல் வளர்க்கும் நிலத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு வாடகை கொடுக்கிறது. 1992 முதல் 1997 வரை டக்கோட்டா மாநிலங்களிலும் வடகிழக்கு மொன்ரானாவிலும் இந்தப் புல்நிலங்களால் மட்டும் 1 கோடியே 24 இலட்சம் வாத்துகள் கூடுதலாக உருவாயின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் சோளத்தின் விலை ஏறியதும் விவசாயிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2007 இல் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்த பரப்பு, பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சமாகச் சுருங்கியது. வாடகை நின்றால் வாத்தும் நின்றுவிடும்.

பணம் கொடுத்தால் போதும் என்றும் இல்லை. நெதர்லாந்தில் இத்தகைய திட்டத்தில் சேர்ந்த வயலையும் சேராத வயலையும் சோடி சோடியாக, மொத்தம் 78 சோடிகளை, டேவிட் கிளைன் குழுவினர் ஒப்பிட்டு 2001 இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். தாவரங்களிலும் பறவைகளிலும் எதிர்பார்த்த நன்மை எதுவும் தென்படவில்லை. சில கரைப்பறவைகள் திட்டத்தில் சேர்ந்த வயல்களில் குறைவாகவே இருந்தன. விவசாயி புல்லைத் தாமதமாக வெட்டினாரா என்று பார்த்தார்களே தவிர, குருவி வந்ததா என்று பார்த்துப் பணம் கொடுக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த இடமாக அயர்லாந்தின் பரன் பகுதியைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தைப் போல அதுவும் சுண்ணாம்புக் கல் பூமி. மழைநீர் மேலே ஓடாமல் கல்வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடும். குளிர்காலத்தில் மாடுகளை மேட்டு நிலத்தில் மேயவிடுவது அங்கே தலைமுறை வழக்கம். அந்த மேய்ச்சல்தான் பற்றையை அடக்கி அரிய பூச்செடிகளை வாழவைத்தது. மேய்ச்சல் குறைந்ததும் பற்றை மூடியது. ஆகவே 2010 இல் தொடங்கிய திட்டம் விவசாயியை வெளியே அனுப்பவில்லை. அவருடைய புல்வெளிக்கு ஆண்டுதோறும் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, புள்ளிக்கேற்பப் பணம் கொடுத்தது. எப்படிப் புள்ளியைக் கூட்டுவது என்பதை விவசாயியே தீர்மானித்தார். நெடுந்தீவுத் தரவையையும் அங்கு மேயும் மாடுகளையும் குதிரைகளையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

எங்களுக்கு இன்னும் கிட்டிய முன்மாதிரி செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல். ஏரி மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்வதால் விளைச்சல் கூடுகிறது என்பதை அவ்வூர்க் குடியானவர்கள் கண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 1798 இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் சென்று, சுடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு பெற்றார்கள். சட்டம் பின்னால் வந்தது. 2020 இல் ஏரியைச் சூழ்ந்த 5 கிலோமீற்றர் பாதுகாப்பு வட்டத்தைக் குறுக்கும் யோசனை எழுந்தபோதும் எதிர்ப்புக் குரல் பரவலாகக் கேட்டது. கூடு ஏரியில் இருந்தாலும் இரை சுற்றியுள்ள வயல்களிலும் கண்மாய்களிலும்தான் என்பதை அந்த ஊர்கள் அறிந்திருக்கின்றன.

வேடந்தாங்கல் மக்களைப் பறவையோடு கட்டிப்போட்டது நீரின் வளம். யாழ்ப்பாணத்து மக்களையும் அதே நீர்தான் கட்டிப்போடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் நன்னீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உப்புநீரை அழுத்திப் பிடித்திருக்கும். மேலே 1 மீற்றர் இறங்கினால் கீழே 40 மீற்றர் போய்விடும். அந்த உயரத்தைத் தருவது மாரியில் குளத்திலும் தாழ்வயலிலும் தேங்கி ஊறும் மழை மட்டுமே. குளத்தின் ஆழமற்ற சரிவான கரை உள்ளானுக்கு மேய்ச்சல் நிலம். வயல்வரம்பு தண்ணீரை மறிக்கிறது, தவளைக்கும் கொக்குக்கும் இடம் கொடுக்கிறது. பறவைக்கு உகந்த இடமெல்லாம் கிணற்றுக்கும் உகந்த இடம். வெங்காயத் தோட்டங்களில் அளவுக்கு மீறிப் போடும் யூரியா, நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குவதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் பல கிணறுகள் அதைக் கடந்திருக்கின்றன. குழை தாழ்க்கும் தோட்டத்துக்குப் பொதுப்பணம் கொடுப்பது கீச்சானுக்கு உதவும். குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்க்கும் உதவும்.

நீருக்காக இங்கு மக்கள் எழுவார்கள் என்பதற்குச் சான்று தேவையில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது வீதிக்கு வந்தவர்கள் சாதாரண குடும்பங்கள். நகரின் ஆரியகுளம் 2021 இல் புனரமைக்கப்பட்டபோது மாலைதோறும் கூட்டம் கூடியது. ஊர்க்குளம் தூர்வாரப் புலம்பெயர்ந்தவர்கள் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் வெறும் சீமெந்துச் சுவராக நின்றுவிடாமல், ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டு, வேலிக்குப் பூவரசு நட்டால் செலவும் குறையும்.

ஆனால் கமக்காரரின் கோபத்தை மறைத்துவிட்டு ஆதரவைப் பேச முடியாது. தென்மராட்சியில் குரங்கும், வேறிடங்களில் மயிலும் பன்றியும் விளைச்சலைத் தின்கின்றன. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு, தத்தம் காணிக்குள் நிற்கும் குரங்கையும் மர அணிலையும் மயிலையும் ஐந்து நிமிடம் எண்ணித் தருமாறு நாடு முழுவதும் அரசு கேட்கும் அளவுக்கு அந்தப் பிரச்சினை முற்றியிருந்தது. இழப்பைச் சுமப்பவர் ஒருவர், பறவையை இரசிப்பவர் இன்னொருவர் என்ற நிலை நீடித்தால் எந்தத் திட்டமும் வேரூன்றாது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, நவம்பரில் கைவிட்ட கதை இன்னும் ஆறாத காயம். சூழலின் பெயரால் வரும் அடுத்த சொல்லை ஏன் நம்பவேண்டும் என்று கமக்காரர் கேட்பது நியாயம். கட்டாயத்தால் அல்ல, விரும்பிச் சேர்வதால், சிறு பரப்பில், விளைச்சல் குறைந்தால் ஈடுசெய்யும் உறுதியோடு தொடங்கினால்தான் அந்த நம்பிக்கை மீளும்.

சாவகச்சேரியிலிருந்து வடமராட்சிக்குப் போகும் வழியில் சரசாலைக் குருவிக்காடும் கப்பூது வெளியும் இருக்கின்றன. கண்டல், உவர்த்தரை, நெல்வயல் மூன்றும் சந்திக்கும் இடம். முதல் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியவில்லை. புதிய திணைக்களம் வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் ஒவ்வொரு வயலும் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. வரம்பைப் பெருப்பித்து நீரை இன்னும் இரண்டு வாரம் நிறுத்தி வைப்பது, அறுவடைக்குப்பின் தாளை எரிக்காமல் விடுவது, உயிர்வேலியை மீள நடுவது ஆகிய மூன்றுக்கும் பரப்புக்கு இவ்வளவு என்று பேசலாம். நெதர்லாந்தின் தவறு நேராதிருக்க, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளும் தையில் பறவைகளை எண்ணி, பங்குனியில் அயற்கிணறுகளின் நீர்மட்டத்தையும் நைத்திரேற்றையும் அளந்து, இரண்டு கணக்கையும் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒட்டவேண்டும். முதற் கொடுப்பனவு ஆவணியில், புழுதி விதைப்புக்கு முன்னரே, கமக்காரரின் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். விதைநெல்லுக்கும் உழவுக்கும் அவர் கடன் தேடுவது அந்த மாதத்தில்தான்.