கெய்ரோ மேடையின் பெண்கள்

ராமநகரப் பாறைகளுக்கு நடுவே எடுத்த ‘ஷோலே’ படத்தில், ஹெலன் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? அந்த பெல்லி நடனத்தின் தாய்வீடு எகிப்து.

1926-இல் கெய்ரோவில் பதியா மஸாப்னி என்ற பெண் தன் சொந்த அரங்கைத் திறந்தார். பின்னாளில் திரை நட்சத்திரங்களான சாமியா கமால், தஹியா காரியோகா இருவரும் அவர் குழுவில் வளர்ந்தவர்கள்.

ஆடுபவரைக் கூர்ந்து பாருங்கள். பல நேரம் தலையும் தோளும் அசையாது. இடுப்பு மட்டும் தனியே தாளம் பிடிக்கும். கட்டைவிரலிலும் நடுவிரலிலும் மாட்டிய சின்னஞ்சிறு தாளங்கள் தர்புகா என்ற மேளத்தின் முழக்கத்துக்குப் பதில் சொல்லும். வயிற்றுத் தசையையும் இடுப்புத் தசையையும் இப்படிப் பிரித்து இயக்க வருடக்கணக்கில் பழக வேண்டும். அம்மன் திருவிழாவில் தலைக்கரகம் நலுங்காமல் சுழன்றாடுகிறாரே கரகாட்டக்காரர், அவர் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல இது. இந்த இரு கலைஞர்களையுமே கொச்சையாகப் பேசுவோர் உண்டு. அது பெரிய அநியாயம்.

தஹியா தன் அரசியல் கருத்துக்காகச் சிறை சென்றவர். பேரறிஞர் எட்வர்ட் சயீத் 1990-இல் அவரைப் போற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.