பால் சேராத பண்டம்

மட்டக்களப்பைப் பற்றிப் பேசுகிறவர் எவராயினும் இரண்டு பொருள்களைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்று, வாவியிலே பாடுவதாகச் சொல்லப்படும் மீன். மற்றது, மண்சட்டியிலே உறைந்த எருமைத் தயிர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, மாடுகளும் எருமைகளும் மந்தை மந்தையாக மேய்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் இடையிலே கிடக்கும் எழுவான்கரையின் ஊர்களுள் ஒன்று எங்கள் ஆரையம்பதி. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரைக்குப் போவதற்கு மண்முனைத் துறையிலே படகேற வேண்டியிருந்தது. இன்று பாலத்தின் மேலாகவே தயிர்ச்சட்டிகள் வந்து சேர்கின்றன.

இத்தகைய ஊரிலே, பால் ஒவ்வாத ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சமையல் செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அந்தக் குழந்தை என் பேத்தி. ஒரு வயதும் நிரம்பாத காலத்தில், பாலில் தோய்த்த பிஸ்கட் ஒரு துண்டு தின்ற சிறிது நேரத்திற்குள் அவள் உடம்பெங்கும் தடித்துச் சிவந்தது, உதடு வீங்கியது. மருத்துவர் சோதித்துவிட்டு, பாலும் பாலினால் ஆனவையும் அவளுக்கு ஆகா என்றார். அன்று முதல் வீட்டிலே அவளுக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு. பிறந்தநாள் விருந்து எதற்குப் போனாலும், மற்றக் குழந்தைகள் கேக் தின்னும்போது அவள் கையிலே ஒரு வாழைப்பழம். ஐந்து வயதானபோது ஒருநாள், "அம்மம்மா, எனக்கு மட்டும் ஏன் வேறு தட்டு?" என்று கேட்டாள். நோய்க்கு மருத்துவர் விடை சொல்லியிருந்தார். இந்தக் கேள்விக்கு அடுப்படியிலேதான் விடை தேட வேண்டியிருந்தது.

பால் ஒவ்வாமை என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரு வேறு நிலைகள். பாலிலே லக்டோஸ் என்னும் பாற்சீனி உண்டு. பசுப்பால் நூறு கிராமில் ஏறக்குறைய ஐந்து கிராம். அதைச் சமிக்கச் செய்யும் நொதி குழந்தைப் பருவத்திலே மிகுதியாகச் சுரந்து, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலக மக்களுள் மூன்றில் இரு பங்கினர் இந்த நிலையினர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும், வயிற்றோட்டம் உண்டாகும். எனினும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாற்சீனியின் ஒரு பகுதியை உறைகின்றபோதே நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றிவிடுகின்றன அல்லவா?

மற்றது, பாலிலுள்ள புரதம் ஒவ்வாமை. என் பேத்தியினது இவ்வகை. இவர்களுக்குத் தயிரும் ஆகாது, மோரும் ஆகாது. நெய்யிலே தங்கியிருக்கும் சிறிதளவு புரதங்கூடச் சிலருக்குத் தீங்கு செய்யும். கடையிலே வாங்கும் பிஸ்கட்டிலும், சொக்கலேற்றிலும், மாஜரின் சிலவற்றிலும் பால் மறைந்திருக்கிறது. பொதியின் மேல் 'மில்க் சொலிட்ஸ்', 'வே', 'கேசீன்' என்னும் சொற்களுள் ஒன்று இருந்தாலும் அது பால்தான் என்று கொள்ள வேண்டும்.

முதலில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். பால் இல்லாத தயிர், பால் இல்லாத வெண்ணெய் என்று மாற்றுப் பொருள்களைத் தேடி அலைந்தேன். தேங்காய்ப்பாலை உறையூற்றியும் பார்த்தேன். அது புளித்ததேயன்றி இறுகவில்லை. எருமைப்பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்து தரும் இறுக்கம் தேங்காய்ப்பாலுக்கு எங்கிருந்து வரும்? மட்டக்களப்புத் தயிருக்கு மாற்று இல்லை. அதைப் போலச் செய்ய முயல்வதும் வீண் என்பது என் முடிவு. போலிப் பண்டத்தைக் குழந்தை ஒரு வாய் வைத்தவுடனே கண்டுகொள்கிறது. மற்றவர்களோ அதைத் தொடுவதே இல்லை. ஆகவே அது மீண்டும் தனித் தட்டாகவே முடிகிறது.

பின்னர்தான் எங்கள் பண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். வறுத்த பயற்றமாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த பயற்றம் பணியாரம், அரிசிமாவும் சீனியும் சேர்ந்த அரியதரம், கொழுக்கட்டை, முதற்பால் விட்டுச் சுட்ட பாலப்பம், பிட்டும் சம்பலும். எங்களுக்கு வடக்கே அடுத்த ஊராகிய காத்தான்குடி முஸ்லிம் வீடுகளிலே பெருநாளுக்கு அவிக்கும் வட்டிலப்பத்தில் முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலமுமே சேர்கின்றன. இவற்றுள் எதிலும் மாட்டுப்பால் ஒரு துளி இல்லை. யாரும் அவற்றை நோயாளி உணவு என்று எண்ணியதும் இல்லை. தயிருக்குப் பேர்போன நாட்டிலே பண்டங்கள் எல்லாம் தென்னையை நம்பியே வளர்ந்திருக்கின்றன. முறுக்கிலே மட்டும் கவனம் வேண்டும். மொறுமொறுப்புக்காகச் சிலர் மாஜரின் சேர்த்துக் குழைக்கிறார்கள்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். 2021, 2022ஆம் ஆண்டுகளில் நாட்டிலே பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது, கடை வாசல்களிலே வரிசையில் நின்றவர்களை நாம் கண்டோம். வெளிநாட்டுப் பால்மாவை எவ்வளவு தூரம் நம்பியிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டிலே அக்காலம் வெறுந்தேநீரும் சர்க்கரைத் துண்டுமாகப் போயிற்று. அதனால் யாரும் மெலிந்துவிடவில்லை.

இனி, தேங்காய்ப்பாலின் இயல்பைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அதை அறிந்தால் பாதிச் சமையல் கைவந்ததாகும். முற்றிய தேங்காய் ஒன்றைத் திருவி, ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் வருவது முதற்பால். மேலும் நீர் விட்டுப் பிழிந்தவை இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும். நீரிலே நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவையே தேங்காய்ப்பால். அத்துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பது அதிலுள்ள சிறிதளவு புரதம். ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் சூட்டிலே அந்தப் புரதம் உறையத் தொடங்கும். காவல் போனதும் எண்ணெய் பிரிந்து, பால் திரைந்துபோகிறது. அதனாலேதான் சொதியை முதலில் இரண்டாம் பாலிலே வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, நுரை கட்டும் தறுவாயில் இறக்கிவிடச் சொல்வார்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகே விட வேண்டும். புளி பட்டால் புரதம் இன்னும் விரைவாகத் திரையும். என் தாயார் இந்தக் காரணம் எதையும் சொன்னதில்லை. "கொதிக்க விடாதே, கலக்கிக்கொண்டே இரு" என்று மட்டுமே சொல்வார்.

தொதல் கிண்டும்போதோ காரியம் நேர்மாறு. அரிசிமாவையும் சர்க்கரையையும் தேங்காய்ப்பாலிலே கரைத்து மணிக்கணக்காகக் கிண்டுவது எண்ணெய் பிரிவதற்காகவே. சட்டியின் ஓரத்திலே எண்ணெய் கக்கி, தொதல் கையில் ஒட்டாமல் திரண்டு வந்தால் அதுவே பதம்.

ஒன்றை மறக்கலாகாது. தேங்காய்ப்பால் சுவைக்குத்தான் பாலுக்கு ஈடு, சத்துக்கு அன்று. பசுப்பால் நூறு கிராமிலே ஏறக்குறைய 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தேங்காய்ப்பாலில் அதன் சிறு பங்கே இருக்கிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் குறித்த பால்மாவுக்கோ பதிலாகத் தேங்காய்ப்பாலைக் கொடுப்பது பெருந்தவறு. வளர்ந்த குழந்தைக்குக் கல்சியத்தை வேறு வழியிலே சேர்க்கலாம். குரக்கன் நூறு கிராமில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியவையும் உதவும்.

எஞ்சியிருந்தது கேக். கேக்கிலே வெண்ணெய் செய்யும் வேலை யாது? வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, வெண்ணெய் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுத்தான் போறணைச் சூட்டிலே விரிந்து கேக்கை எழுப்புகிறது. தேங்காய் எண்ணெயைக் கொண்டு இதைச் செய்ய நான் இருமுறை முயன்று, இரண்டு முறையும் செங்கல்லைப் போன்ற ஒன்றையே பெற்றேன். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேலே உருகிவிடும். எங்கள் ஊர் வெக்கையிலே அது பெரும்பாலும் நீராகவே இருக்கும். நீரான எண்ணெயிலே காற்று எப்படித் தங்கும்? ஆகவே காற்றைப் பிடிக்கும் வேலையை முட்டையிடம் ஒப்படைக்க வேண்டும்.

இது புதிய வழியும் அன்று. போர்த்துக்கேய நாட்டிலே முட்டை, சீனி, மா ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு 'பாவோ டி லோ' என்னும் கேக் செய்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அவ்வகைக் கேக்கை யப்பானின் நாகசாகித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் யப்பானியர் அதனைக் 'கஸ்தேலா' என்ற பெயரால் விரும்பி உண்கின்றனர். அதே போர்த்துக்கேயர்தாம் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினர். நாம் நாள்தோறும் சொல்லும் பாண் என்னும் சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். கேக்கின் இரகசியத்தையும் அன்றே கேட்டு வைத்திருக்கலாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எங்கள் வீட்டுக் கேக்கின் அளவுகள் இவை. இளம் பொன்னிறமாக வறுத்த ரவை 250 கிராம், கட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லிலீற்றர், சீனி 200 கிராம், முட்டை 4, கோதுமைமா 60 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, தேங்காய் எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய மரமுந்திரிகைப் பருப்பு ஒரு கைப்பிடி, ஏலப்பொடி, உப்பு ஒரு சிட்டிகை. முதலில் ரவையைத் தேங்காய்ப்பாலிலே அரை மணி நேரம் ஊறவிடுங்கள். முட்டையையும் சீனியையும் வெளிறித் தடித்து மும்மடங்காகப் பொங்கும்வரை அடியுங்கள். இவ்விடத்தில் சோம்பினால் கேக் எழாது. எண்ணெயை நூல்போல ஊற்றி, ஊறிய ரவையையும் மற்றவற்றையும் சேர்த்து, காற்று கலையாதபடி மெதுவாகப் புரட்டுங்கள். எண்ணெய் தடவிய தட்டிலே ஊற்றி, 180 பாகை சூட்டிலே நாற்பது நிமிடமளவு வேகவிடுங்கள். ஈர்க்குக் குச்சியால் குத்திப் பார்த்து, மா ஒட்டாதபோது எடுக்கலாம்.

முட்டையும் விலக்கும் விரத நாள்களுக்கு வேறொரு வழி உண்டு. முதலாம் உலகப் போரின்போது பாலும் முட்டையும் வெண்ணெயும் அரிதாகியதால், அமெரிக்கப் பெண்கள் முந்திரிகை வற்றலையும் சீனியையும் வாசனைப் பொருள்களையும் நீரிலே கொதிக்கவைத்து ஆற்றி, அதிலே மாவும் அப்பச்சோடாவும் கலந்து 'போர்க்கேக்' சுட்டார்கள். இது ரவைக் கேக்கைப் போல மென்மையாக இராது. ஆனால் தேநீரோடு நன்றாகப் பொருந்தும்.

சென்ற பிறந்தநாளுக்கு ரவைக் கேக்கை இரண்டு தட்டாகச் சுட்டோம். வந்திருந்தவர்களுக்கு அதில் பால் இல்லை என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. பேத்தியே ஒவ்வொருவருக்கும் துண்டு வைத்துக் கொடுத்தாள். அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது, எனக்கு மிச்சம் இருக்குமோ என்றுதான் கவலைப்பட்டாள். தேங்காய்ப்பால் சேர்ந்த கேக் வெக்கையிலே இரண்டாம் நாளே புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலே அளவோடு சுடுவது நலம்.