உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலி வேலையும் அக்னிவீரரும்

நெய்வேலி என்.எல்.சி. போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் ‘சி’ பிரிவுப் பணிகளில் 14.5 சதவீதமும் ‘டி’ பிரிவில் 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உயிர்நீத்த வீரர்களின் குடும்பத்தாருக்கும் உடல் ஊனமுற்ற வீரர்களுக்குமான 4.5 சதவீதம் இதில் அடங்கும். பத்தாம் வகுப்போடு பட்டாளத்துக்குப் போன கிராமத்துப் பையன், ஓய்வுக்குப் பின் சொந்த மாவட்டத்திலேயே நிலையான வேலையில் அமர இது பெரிய வழி.

சிப்பாய்களை ‘அக்னிவீரர்’ என்ற பெயரில் நான்கு ஆண்டுக்குச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதில் இந்த வழி அடைபடுகிறது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரே இராணுவத்தில் தொடர முடியும். மற்றவர்களுக்குச் சேவாநிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் கிடையாது. அந்தத் தகுதி இல்லாமல் மேலே சொன்ன ஒதுக்கீட்டைக் கேட்க இயலாது. எனினும் மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கென 2022இல் 10 சதவீத இடம் அறிவிக்கப்பட்டது. என்.எல்.சி. வளாகத்தைக் காக்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையும் அவற்றுள் ஒன்று.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு: இராணுவத்தின் அக்னிவீர் எழுத்துத் தேர்வை 2025 முதல் தமிழிலும் எழுதலாம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவருக்கு இது வெகுகாலம் மறுக்கப்பட்ட நியாயம்.

ஆனால் தமிழில் எழுதிச் சேர்ந்தாலும் நான்காண்டு வரம்பு உண்டு. அதிகாரிப் பதவிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அதற்குக் கீழுள்ள சிப்பாய்ப் பணிக்கு மட்டுமே அது பொருந்தும்.