தந்தையின் வண்டிச் சாவி யார் கையில்?

குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் வீட்டுப் பொறுப்புகள் கைமாறுகின்றன. தந்தை படுக்கையில் இருப்பார். தாய் அவருக்குத் துணையாக இருப்பார். கஞ்சித் தூக்கையும் மாற்றுத் துணியையும் கொண்டுவரும் வேலை, பள்ளியில் படிக்கும் மகனிடம் வந்து சேர்கிறது. கூடவே தந்தையின் மோட்டார் சைக்கிளும் அவன் கைக்கு வந்துவிடுகிறது. நோயாளியைப் பார்க்க வந்தவரே நோயாளியாகிவிடக் கூடாது என்னும் கவலையில் இதை எழுதுகிறோம்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவர் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே ஓட்டலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதலும் உரிமமும் வேண்டும். பிற மோட்டார் சைக்கிள்களுக்கு 18 வயது நிறைய வேண்டும். நம் ஊரில் பால் கேன் சுமக்கும் எக்ஸ்எல் 100 வண்டியின் திறன் ஏறத்தாழ 100 சிசி. எனவே, "சின்ன வண்டிதானே" என்று அதைச் சிறுவரிடம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை இருக்க வேண்டும். கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் உடன் ஏற்றக் கூடாது.

2019ஆம் ஆண்டின் திருத்தம் கடுமையானது. உரிமமற்ற சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

படிப்படியாக

சிங்கப்பூரில் புதிதாக உரிமம் பெறுவோர் முதலில் 200 சிசி வரையிலான வண்டிகளையே ஓட்டலாம். அடுத்த படிக்கு ஓராண்டேனும் காத்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் 1987 முதல் படிநிலை உரிம முறை உள்ளது. அங்கு இரண்டாம் படியில் இருப்போர் இரவு 10 முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டக் கூடாது. நம் நாட்டிலோ 18 வயதில் கியர் வண்டி உரிமம் பெற்றவர், மறுநாளே எந்தத் திறனுள்ள மோட்டார் சைக்கிளையும் ஓட்டலாம். ஆகவே அந்தப் படிகளைக் குடும்பமே அமைக்க வேண்டும்.

உரிமம் பெற்ற முதல் 6 மாதங்களுக்கு எமது பரிந்துரை இது: இரவுப் பயணம் வேண்டாம்; பின்னால் நண்பர்கள் வேண்டாம்; முதலில் ஊர்ச் சாலைகளில் பழகட்டும். சிவகிரி வழியே செல்லும் தென்காசி–ராஜபாளையம் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் மிகுதி. குற்றாலச் சாரல் காலத்தில் வெளியூர் வாகனங்களும் சேரும். அச்சாலை பிறகு ஆகட்டும். தலைக்கவசம் எப்போதும் வேண்டும். வாரைப் பூட்டாத கவசம் விழும்போதே கழன்றுவிடும்.

உணவு கொண்டுவர ஆளில்லையெனில் உறவினரையோ அண்டை வீட்டாரையோ கேளுங்கள். தம்பியைப் பேருந்தில் வரச் சொல்லுங்கள். கஞ்சி அரை மணி நேரம் தாமதமாக வந்தால் குறையொன்றுமில்லை. பிள்ளை நலமாக வந்து சேர்வதே நோயாளிக்கும் நிம்மதி.